போர்டில் எந்த ஊர்ப் பெயர் போடுவது?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 36. சொந்த ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம். 12 வருடமாகச் சென்னையில் மென்பொருள் வேலை. அதை விட்டுவிட்டுப் பெருங்குடியில் 30 பேர் உட்காரும் அளவில் ஒரு மெஸ் தொடங்கலாம் என்றிருக்கிறேன். முதலீட்டில் பாதி என்னுடையது, மீதி மச்சானுடையது. என் மனைவியின் அண்ணன், கும்பகோணம். எங்கள் ஊர்ச் சாப்பாட்டைப் போட வேண்டும் என்பது என் ஆசை. மச்சானோ, “அரிசியும் பருப்பும் சாதத்தையும் கொள்ளு ரசத்தையும் காசு கொடுத்து எவன் சாப்பிடுவான்? பேசாம செட்டிநாடுன்னு போர்டு வை” என்கிறார். அத்தை அதற்கும் மேலே: “உங்க ஊர்ச் சாப்பாடு வயித்துக்கு மாப்பிள்ளை, எங்க ஊர்ச் சாப்பாடு நாக்குக்கு.” கல்யாணமான நாளிலிருந்து இதைக் கேட்டுச் சலித்துவிட்டேன். தஞ்சாவூர்க்காரர்களுக்குச் சாப்பிடவும் சாப்பாட்டைப் பற்றிப் பேசவும்தானே தெரியும்? சென்னையில் கொங்குச் சமையல் என்றால் உடனே பள்ளிபாளையம் சிக்கன் என்கிறார்கள். அது எங்கள் கோபிப் பக்கத்துச் சாப்பாடே இல்லை. எங்கள் சமையல் உண்மையிலேயே மட்டமா? போர்டில் என்ன போடுவது?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

அத்தைக்கு முதலில் ஒரு சபாஷ். முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டல் அடுப்படியில் நின்றவன் நான். அடுத்த ஊர்ச் சாப்பாட்டை மட்டம் தட்டும் பேச்சு எத்தனையோ கேட்டிருக்கிறேன், இவ்வளவு சுருக்கமாக ஒருவரும் சொன்னதில்லை. ஆனால் உங்கள் கடிதத்தையும் நீங்கள் இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். அத்தை உங்கள் ஊரைச் சொன்னது சுருக்கென்று தைத்தது, சரி. அதே மூச்சில் நீங்கள் தஞ்சாவூரை ஒரு போடு போட்டுவிட்டு, பள்ளிபாளையத்தையும் பந்தியிலிருந்து எழுப்பி விட்டீர்களே! கோபிக்கும் பள்ளிபாளையத்துக்கும் நடுவில் சுமார் 40 கிலோமீட்டர்தான்.

நானும் இதில் சுத்தம் இல்லை. திருநெல்வேலிக்காரன். கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுச் சாப்பாட்டில் தேங்காய்ப்பால் சொதியும் இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிடாதவன் எல்லாம் வாழ்ந்து என்ன பயன் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இலங்கையில் இடியாப்பத்துக்குத் தினமும் காலையில் சொதி ஊற்றிச் சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்தபோது எனக்கு என்னவோ போல் இருந்தது. அல்வா கதை இன்னும் மோசம். தாமிரபரணித் தண்ணீர்தான் ருசிக்குக் காரணம் என்று ஊரே சத்தியம் செய்யும். அந்த அல்வாவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததில் ராஜஸ்தானத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. தண்ணீர் எங்களுடையது, கிண்டிய கை வேறு.

உங்கள் மச்சான் சொல்லும் செட்டிநாட்டு விஷயத்துக்கு வருகிறேன். இதில் என்னிடம் ஒரு பழைய குற்றமும் இருக்கிறது. தொண்ணூறுகளில் ஒரு பெரிய ஓட்டலில் இருந்தேன், பெயர் வேண்டாம். செட்டிநாடு உணவுத் திருவிழா என்று பத்து நாள் அறிவித்துவிட்டார்கள். செட்டிநாட்டுச் சமையல்காரர் ஒருவர்கூட அடுப்படியில் கிடையாது. தினமும் போடும் கோழிக் குழம்பில் மிளகை இரண்டு மடங்காக்கினோம், கொஞ்சம் கல்பாசியும் அன்னாசிப்பூவும் சேர்த்தோம், கறுப்பாக வரும்வரை சுருட்டினோம். திருவிழா அமோகம். கடைசி நாள் காரைக்குடி ஆச்சி ஒருவர் குடும்பத்தோடு வந்து சாப்பிட்டார். கை கழுவிவிட்டு என்னைக் கூப்பிட்டு, “நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா எங்க வீட்டுல இவ்வளவு காரத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க மாட்டோம்” என்றார். இன்றைக்கும் எங்கேயாவது செட்டிநாடு என்ற போர்டைப் பார்த்தால் அந்தக் குரல் காதில் விழும்.

உண்மையான செட்டிநாட்டு வீட்டுச் சமையலில் காரம் ஒரு ஓரம்தான். அரிசி கழுவிய தண்ணீரில் செய்யும் மண்டி, வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கும்மாயம், கவுனி அரிசிப் பொங்கல் என்று அது வேறு உலகம். இதில் பாதி எந்தச் ‘செட்டிநாடு’ ஓட்டலிலும் கிடைக்காது. பெயர் ஒரு பக்கம் போய்விட்டது, சமையல் வீட்டிலேயே இருந்துவிட்டது.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்று பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். செட்டிநாடு வறண்ட பூமி. அங்கே நெல் கொழித்ததால் சமையல் வளரவில்லை. நகரத்தார் வியாபாரத்துக்காகப் பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் தாண்டிப் போனார்கள். பணமும் வந்தது, பண்டமும் வந்தது. கவுனி அரிசியே பர்மாத் தொடர்பில் வந்ததுதான். நாள் கணக்கில் நடக்கும் கல்யாணங்கள், அவற்றில் ஆயிரம் இலைக்குச் சமைத்துப் பழகிய சமையல்காரர்கள். அந்நியருக்கு அளவு பார்த்துச் சமைக்கத் தெரிந்த ஆட்கள் ஒரு ஊரில் நிறைய இருந்தால், அந்த ஊர்ச் சாப்பாட்டுக்கு வெளியூரில் பேர் வந்துவிடும். அவ்வளவுதான் சூத்திரம். ருசிக்கு இதில் பங்கு இருக்கிறது, ஆனால் நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை.

உடுப்பியைப் பாருங்கள். மடங்களிலும் கோயில்களிலும் சமைத்த ஊர் அது. அங்கிருந்து கிளம்பியவர்கள்தான் நகரம் நகரமாக ஓட்டல் போட்டார்கள். கே. கிருஷ்ண ராவ் 1938இல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் தொடங்கினார். இட்லி தோசை சாம்பார்தான் ‘சவுத் இண்டியன்’ என்று டெல்லிக்காரர் மனதில் பதிந்ததற்கு உடுப்பிக்காரர்களின் கரண்டி ஒரு முக்கியமான காரணம். நாம் சாப்பிடும் மீன் குழம்பும் கருவாடும் கம்பங்கூழும் அந்தக் கணக்கில் வரவே இல்லை. இங்கிலாந்தில் ‘இந்தியன்’ என்று போர்டு மாட்டிய உணவகங்களில் பெரும்பகுதியை நடத்தியவர்கள் இன்றைய வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதிக்காரர்கள். கப்பலில் கொதிகலன் அடுப்பு எரிக்கப் போய்க் கரையிறங்கியவர்களின் வழி வந்த தொழில் அது. அங்கே உட்கார்ந்து சாப்பிட்ட வெள்ளைக்காரர் இந்தியாவின் ருசி இதுதான் என்று நம்பினார். தாய்லாந்து அரசு இந்த ரகசியத்தைப் புரிந்துகொண்டு, 2002இல் ‘குளோபல் தாய்’ என்று ஒரு திட்டமே போட்டு, வெளிநாடுகளில் தாய் உணவகங்கள் பெருக உதவி செய்தது. பேரை இப்படி உட்கார்ந்து தயாரிக்கவும் முடியும்.

நம்மூரில் இன்னொரு வேடிக்கை. மதுரை ஸ்ரீ முனியாண்டி விலாஸ் தெரியாதவர் உண்டா? அதைத் தொடங்கியவர்கள் திருமங்கலம் பக்கம் வடக்கம்பட்டிக் கிராமத்துக்காரர்கள். அவர்கள் முதல் கடை போட்டது 1937இல், மதுரையில் இல்லை, காரைக்குடியில்! செட்டிநாட்டின் நடு மையத்தில் உட்கார்ந்து மதுரைச் சாப்பாடு விற்றிருக்கிறார்கள். மச்சானிடம் இதைச் சொல்லுங்கள்.

அப்படியானால் கொங்குக்கு ஏன் அந்தப் பேர் வரவில்லை? உங்கள் பக்கத்து ஆட்கள் வெளியூர் போனது லாரியோடும் துணி மூட்டையோடும் போர்வெல் வண்டியோடும். கரண்டியோடு போனவர்கள் குறைவு. அப்புறம் சோற்றின் கதை. கொடிவேரி வாய்க்கால் பாயும் உங்கள் கோபிப் பக்கம் பழைய நெல் பூமி. ஆனால் கொங்கில் பெரும்பகுதி மேட்டுக்காடு. அங்கே கம்பும் சோளமும் ராகியும்தான் அன்றாடச் சோறு, நெல்லுச்சோறு நோன்பு நொடிக்குத்தான். 1955இல் பவானிசாகர் அணை முடிந்து, கீழ்பவானி வாய்க்காலில் இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் தண்ணீர் பாய்ந்த பிறகு நிலைமை மாறியது. ஒரு சந்தேகம், தப்பாக நினைக்க வேண்டாம். உங்கள் தாத்தா காலத்தில் கோபி வயல்காரர்கள் காங்கயத்துக் காட்டுக்காரர்களைப் பார்த்து, அத்தை சொன்ன அதே வசனத்தை வேறு வார்த்தையில் சொல்லியிருப்பார்களா இல்லையா? வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

சாப்பாட்டு ஏளனம் என்பது பெரும்பாலும் தண்ணீர் இருந்தவன் இல்லாதவனைப் பார்த்துச் சொன்ன பேச்சு. அரிசி தின்றவனுக்குக் களி இளப்பம். துவரை தின்றவனுக்குக் கொள்ளு மாட்டுத் தீனி. “இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு” என்று பழமொழியில் வைத்தியமாகச் சொன்னாலும், விருந்தில் கொள்ளு வைத்தால் சம்பந்தி முகம் சுளித்தது நடந்திருக்கிறது. இப்போது பாருங்கள், 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது. அதற்கு முன்பே சென்னை நட்சத்திர ஓட்டல்களில் கம்பங்கூழ் சின்ன மண்சட்டியில் வந்து உட்கார்ந்துவிட்டது, விலையைப் பார்த்தால் உங்கள் பாட்டி மயங்கி விழுவார். கூழின் ருசி மாறவில்லை. குடிக்கிற ஆள் மாறிவிட்டான்.

ஆகவே உங்கள் சமையல் மட்டமா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. அது கேள்வியே இல்லை. வெளி ஆளுக்கு விற்றுப் பழகாத சமையல் என்று வேண்டுமானால் சொல்லலாம், அதுவும் முழுக்க உண்மை இல்லை. ஈரோட்டில் 1960இல் தொடங்கிய ஜூனியர் குப்பண்ணா இன்று சென்னையில் கிளை கிளையாக இருக்கிறது. எவன் காசு கொடுத்துச் சாப்பிடுவான் என்ற மச்சானின் கேள்விக்கு அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கூட்டிப்போய்க் காத்திருக்க வைத்தால் போதும்.

இனி போர்டு. செட்டிநாடு என்று போடாதீர்கள். இது நியாயம் அநியாயம் பார்த்துச் சொல்வதில்லை, வியாபாரக் கணக்கு. செட்டிநாடு என்று போட்டால் வருபவர் பெப்பர் சிக்கன் கேட்பார், அதைப் பெருங்குடியில் நாற்பது கடை போடுகிறது. நாற்பத்தோராவது ஆளாக நிற்பீர்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் கும்பகோணம் டிகிரி காபி என்று பித்தளை டபரா படம் போட்ட கடைகளை எண்ணிப் பாருங்கள். முதலில் போட்ட சிலருக்கு அந்தப் பெயர் சோறு போட்டது. இன்று அதைப் பார்த்து வண்டியை நிறுத்துபவர் கும்பகோணத்தை நம்பி நிறுத்தவில்லை, கழிப்பறை இருக்கிறதா என்று பார்த்து நிறுத்துகிறார். உங்கள் மச்சானுக்கே அந்தக் காபியைக் குடித்தால் கோபம் வரும் என்று நினைக்கிறேன்.

‘கொங்கு’ என்று போடலாம், ஆனால் அது ரொம்பப் பெரிய துண்டு. தாராபுரத்துக்காரர் வந்து எங்கள் வீட்டில் இப்படி இல்லையே என்பார், நாமக்கல்காரர் வந்து அதையே சொல்வார். நான் உங்கள் இடத்தில் இருந்தால் ‘கோபி மெஸ்’ என்று சின்னதாகப் போடுவேன். ஊர் சின்னதாக இருந்தால் வாக்குறுதியும் சின்னது, காப்பாற்றுவது சுலபம். கேட்பவருக்குக் காலிஃபிளவர் ஞாபகம் வரும் ஆபத்து உண்டு, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் பெயர், தெருப் பெயர் எது வேண்டுமானாலும் நன்றாக இருக்கும்.

பள்ளிபாளையம் சிக்கனை உங்கள் பட்டியலிலிருந்து தள்ளாதீர்கள். உங்கள் பக்கத்துச் சமையலுக்குச் சென்னையில் கதவு திறந்துவிட்டதே அதுதான். எந்த ஊருக்கும் இப்படி ஒரு பண்டம் முன்னால் போய் விலாசம் கொடுக்கிறது. ஆம்பூருக்குப் பிரியாணி, மணப்பாறைக்கு முறுக்கு, கோவில்பட்டிக்குக் கடலைமிட்டாய். அதைச் சாப்பிட வருபவர் பக்கத்து இலையில் கொள்ளுப் பருப்பைப் பார்ப்பார். ஆனால் செய்வதைச் சரியாகச் செய்யுங்கள். அதன் அழகே அரைத்த மசாலா இல்லாததுதான். எண்ணெய், விதை தட்டிய வரமிளகாய், சின்ன வெங்காயம், மஞ்சள், உப்பு, தேங்காய்ச் சில்லு. சென்னையில் நீங்கள் எடுக்கப்போகும் மாஸ்டர் முதல் நாளே கரம் மசாலா டப்பாவைத் திறப்பார், இரண்டாம் நாள் சோயா சாஸ் வரும். விடாதீர்கள்.

அரிசியும் பருப்பும் உங்கள் துருப்புச் சீட்டு, அதே சமயம் பெரிய தொல்லையும் அதுதான். வீட்டில் குக்கரைத் திறந்த உடனே நெய் ஊற்றிச் சாப்பிடுவதால் அமிர்தம். கடையில் 12 மணிக்கு அண்டாவில் வைத்தால் ஒரு மணிக்குக் கட்டி தட்டிவிடும். ஒரே தடவையில் 5 கிலோ வைக்காமல், ஒரு கிலோவாக அடுத்தடுத்து ஏற்றுங்கள். தண்ணீரை வீட்டில் வைப்பதைவிட ஒரு கை கூடுதலாக வையுங்கள். வெண்ணெய் ஊத்துக்குளியிலிருந்து வருவதற்கு வழி செய்து, உருக்குவதைக் கடையிலேயே செய்யுங்கள். நெய் உருகும் வாசனையை விட நல்ல போர்டு கிடையாது.

சின்ன வெங்காயம் உரிக்க மட்டும் ஓர் ஆள் வேண்டும். இதை எல்லோரும் மறந்துவிடுவார்கள், முதல் மாதக் கணக்கில் கை சுடும். விலை ஏறும்போது பெரிய வெங்காயத்தைப் போட்டு ஒப்பேற்றலாம் என்று தோன்றும். அன்றைக்கு அந்தக் குழம்பைப் போடாமல் இருப்பது மேல். உங்கள் ஊர் அரிசிச் சேவையான சந்தகையை வாரம் ஒரு நாளுக்கு, ஞாயிற்றுக்கிழமை காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அரைத்து, அவித்து, சூட்டோடு பிழிவதற்குள் ஆளுக்குத் தோள்பட்டை போய்விடும். தினமும் போட்டால் மூன்றாம் மாதம் கடைப்பாக்கெட் சேவை வாங்கச் சொல்லி உங்கள் ஆட்களே வந்து நிற்பார்கள். ‘செலவு ரசம்’ என்று பட்டியலில் போட்டால் சென்னைக்காரர் பில்லைத்தான் நினைப்பார். மசாலா சாமானுக்கு உங்கள் ஊரில் செலவு என்று பெயர் என்பதைப் பரிமாறுபவர் சிரித்துக்கொண்டே சொல்லட்டும், பேச்சுக்கு ஒரு விஷயம் ஆச்சு. பட்டியல் மொத்தம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது.

மச்சானை என்ன செய்வது? பாதி முதல் போட்டவரைச் சண்டை போட்டுத் தோற்கடித்து என்ன லாபம்? அவர் கையில் காபியைக் கொடுத்துவிடுங்கள். கும்பகோணத்துக்காரர் தன் காபியில் சமரசம் செய்ய மாட்டார். இனிப்புக்குத் திருவையாற்று அசோகா ஒன்று போடச் சொல்லுங்கள், பாசிப்பருப்பு இனிப்பு, உங்கள் கொள்ளுக்குப் பின்னால் நன்றாகவே போகும். கோபி மெஸ்ஸில் அசோகாவா என்று ஒருவரும் கேட்கப் போவதில்லை, காரைக்குடியில் மதுரை விலாஸ் ஓடியபோது கேட்டார்களா என்ன? கடையைத் திறக்கும் முன்னால் நான்கு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சமைத்து அலுவலக நண்பர்களுக்கு விலைக்குப் போடுங்கள். இலவசமாகப் போட்டால் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்பார்கள். அரை விலையாவது வாங்கினால்தான் குறை வாயில் வரும். அந்த நான்கில் ஒன்றுக்கு அத்தையையும் கூப்பிடுங்கள், அவரிடம் காசு வாங்க வேண்டாம். என்ன சொல்கிறார் என்பதைவிட, எதை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறார் என்பதைப் பாருங்கள்.

மறந்தே போனேன். கொள்ளு வேகவைத்த தண்ணீரைப் புது மாஸ்டர் வடித்துச் சாக்கடையில் ஊற்றப் பார்ப்பார். முதல் வாரம் அந்த அடுப்புப் பக்கத்திலேயே நில்லுங்கள். அன்றைய ரசம் அதில்தான் இருக்கிறது.

அன்புடன்.